பரணில் கிடக்கும் வீடியோ கேம் பெட்டி

போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்கிறோம். பரணில் கிடக்கும் பழைய சாமான்களைக் கீழே இறக்குகிறோம். ஓட்டைக் குடம் வருகிறது. கைப்பிடி போன தோசைக்கல் வருகிறது. சில வீடுகளில் ஒரு பிளாஸ்டிக் பெட்டியும் வருகிறது.

பெட்டியிலிருந்து இரண்டு ஒயர்கள் தொங்குகின்றன. ஒயரின் நுனியில் பொத்தான் வைத்த சிறு கட்டை. பெட்டியின் தலையில் நீளமாக ஒரு பிளவு. அதில் சொருகும் மஞ்சள் கேசட்டும் பக்கத்திலேயே கிடக்கிறது.

"இது என்னப்பா?" என்று மகள் கேட்கிறாள்.

"வீடியோ கேம், கண்ணு. லீவு விட்டா நானும் உன் சித்தப்பாவும் இதுக்குத்தான் சண்டை போடுவோம்."

"இன்னும் எதுக்கு அது? குப்பையிலே போடுங்க" என்கிறார் அம்மா.

போட வேண்டாம் என்று நாம் சொல்கிறோம்.

பிளாஸ்டிக்கை எரித்தால் புகை கெடுதல். அது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் இருக்கிறது. அந்தப் பழைய பெட்டிக்கு இன்றும் புதிய விளையாட்டுகள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றைச் செய்கிறவர்கள் பெரிய கம்பெனிக்காரர்கள் அல்ல. வீட்டில் உட்கார்ந்து செய்கிற சாதாரண மனிதர்கள்.

அவர்கள் செய்யும்போது நம் பிள்ளைகள் ஏன் செய்யக்கூடாது?

கம்பெனி விட்டது, ஜனங்கள் விடவில்லை

இந்தப் பெட்டியின் கதை ஜப்பானில் தொடங்குகிறது. 1983-ம் ஆண்டு ஜூலை 15-ந் தேதி, நிண்டெண்டோ என்ற கம்பெனி ஒரு விளையாட்டுப் பெட்டியை விற்பனைக்கு விட்டது. அதன் பெயர் 'பேமிலி கம்ப்யூட்டர்'. குடும்பக் கம்ப்யூட்டர் என்று பொருள். டெலிவிஷனில் இணைத்து, கேசட்டைச் சொருகி ஆட வேண்டும்.

அதைப் பார்த்து அதே மாதிரி செய்த பெட்டிகள் பிறகு நம் நாட்டுக் கடைகளுக்கு வந்தன. 'மீடியா', 'டெர்மினேட்டர்' என்று பல பெயர்கள். கேசட்டின் மேல் '9999 விளையாட்டு' என்று போட்டிருக்கும். உள்ளே இருப்பது சிலதான். அவையே வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும்! காண்ட்ரா வரும். மேரியோ வரும். வாத்துச் சுடும் ஆட்டம் வரும். ஏமாந்தோம் என்று யாரும் வருந்தியதாகத் தெரியவில்லை. அந்தச் சிலவற்றையே ஆடி முடிக்க ஒரு கோடை விடுமுறை போதாது.

2003-ம் ஆண்டு நிண்டெண்டோ கம்பெனி அந்தப் பெட்டியைத் தயாரிப்பதை நிறுத்தியது. அத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

கம்பெனி கைவிட்ட பெட்டிகளுக்குத் தாமே விளையாட்டு செய்யும் வழக்கம் அதற்கு முன்பே பிறந்துவிட்டது. அதற்கு 'ஹோம்ப்ரூ' என்று பெயர். வீட்டுத் தயாரிப்பு என்று நாம் சொல்லலாம். 1977-ல் வந்த அட்டாரி என்ற அமெரிக்கப் பெட்டிக்கு, அதன் காலம் முடிந்தபிறகு, 1995-ல் எட் பெடர்மேயர் என்ற அமெரிக்கர் தனியாக ஒரு விளையாட்டைச் செய்தார். மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கும் விளையாட்டு. அவரைப் பார்த்து மற்றவர்கள் கிளம்பினார்கள்.

2019-ல் ஜெர்மனியைச் சேர்ந்த மார்ப்கேட் என்ற சிறு குழு 'மைக்ரோ மேஜஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டது. நான்கு பேர் சேர்ந்து ஆடலாம். ஜப்பானியப் பெட்டிக்கென்றே செய்தது. பெட்டி பிறந்து 36 ஆண்டுகள் கழித்துப் பிறந்த விளையாட்டு அது!

புள்ளிக் கோலம் தெரிந்தால் போதும்

இன்றைய செல்போன் விளையாட்டுகளைச் செய்ய நூற்றுக்கணக்கான பேர் பல ஆண்டுகள் உழைக்கிறார்கள். அதை ஒரு பள்ளிக்கூடப் பெண் தனியாகச் செய்ய முடியாது. பழைய பெட்டிக்குச் செய்யலாம். ஏன்? அது அவ்வளவு சிறியது. சிறியது என்பதே அதன் பெருமை.

கேசட்டை அச்சடித்த புத்தகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டின் விதிகளும் படங்களும் அதில் இருக்கும். அழியாது. பெட்டிக்குள் இருக்கும் நினைவகம் ஒரு சிலேட்டு. ஆடும்போது எழுதும், அழிக்கும். அந்தச் சிலேட்டில் 2048 எழுத்துகளுக்கு மட்டும் இடம் உண்டு. அதைத்தான் 2 கிலோபைட் என்கிறார்கள். இன்று 4 ஜிகாபைட் நினைவகம் உள்ள செல்போனின் சிலேட்டு, அதைப்போல் சுமார் 20 லட்சம் மடங்கு பெரியது.

திரையில் படம் எப்படி வருகிறது? அது புள்ளிக் கோலம். குறுக்கே 256 புள்ளி. நெடுக்கே 240 புள்ளி. இதை 8-க்கு 8 புள்ளி கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். சாதாரணக் கேசட்டில் பின்னணிக்கு 256 கட்டப் படங்கள் வைக்கலாம். நகரும் உருவங்களுக்கு இன்னொரு 256. அவ்வளவுதான். ஒரே கட்டத்தைத் திரையில் எத்தனை இடத்திலும் வைக்கலாம்.

நமது பெண்கள் வாசலில் இதைத்தானே செய்கிறார்கள்? ஒரு தாமரையைப் போடத் தெரிந்தால் அதையே நாலு பக்கமும் திருப்பிப் போடுகிறார்கள். வாசல் நிறைந்துவிடுகிறது.

1985-ல் வந்த 'சூப்பர் மேரியோ பிரதர்ஸ்' விளையாட்டைப் பாருங்கள். உலகம் முழுவதும் விற்றது. அதன் மொத்த அளவு 40 கிலோபைட்தான். அதில் வானத்தில் மேகம் வரும். தரையில் புதர் வரும். இரண்டும் ஒரே படம்! மேகத்துக்கு வெள்ளை நிறம். புதருக்குப் பச்சை நிறம். எத்தனையோ லட்சம் பேர் பார்த்தார்கள். எத்தனை பேர் கண்டுபிடித்தார்கள்?

'மைக்ரோ மேஜஸ்' குழுவும் தன் விளையாட்டை அதே 40 கிலோபைட்டுக்குள் அடக்கியது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. இருக்கிற அரிசியில் ஊருக்கே சோறு போடுகிறவர்களுக்கு உண்டாகும் சந்தோஷம் அது.

நாட்றாம்பாளையத்தில் ஒரு பட்டறை

நாட்றாம்பாளையத்தை மனதில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறோம்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில், அஞ்செட்டி வட்டத்தில் இருக்கிறது அந்த ஊர். அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் போகும் மலைப்பாதையில் வரும். சுற்றிலும் காடு. அப்பால் காவிரி. அக்கரை கர்நாடகம். தமிழோடு கன்னடமும் தெலுங்கும் புழங்கும் சீமை.

அந்தச் சீமைப் பிள்ளைகள் வேலை தேடி ஓசூருக்குப் போகிறார்கள், பெங்களூருக்குப் போகிறார்கள். ஓசூரில் கைக்கடிகாரம் செய்கிறார்கள். லாரி செய்கிறார்கள். மோட்டார் சைக்கிள் செய்கிறார்கள். செல்போனின் பாகங்களையும் செய்கிறார்கள். இந்த வேலைகளில் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் இருக்கிறார்கள். நல்ல வேலைதான். மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது. தங்கைக்குப் படிப்பு, அம்மாவுக்கு மருந்து எல்லாம் அதில் நடக்கிறது.

ஆனால், செல்போனை நம் பெண் பூட்டுகிறாள். அதற்குள் ஓடும் விளையாட்டை எங்கோ இருக்கும் ஒருவர் செய்கிறார். அதை அவள் தம்பி ராத்திரியெல்லாம் ஆடுகிறான். உள்ளே இருப்பதையும் செய்யக்கூடிய கை அவள் கை என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நமக்கு இருக்கும் குறை இதுதான்.

கருவிக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். 2006-ல் தொடங்கி அரசு ஏழை வீடுகளுக்கு இலவசக் கலர் டெலிவிஷன் கொடுத்தது. 2011-ல் தொடங்கிப் பிளஸ்-டூ மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுத்தது. அந்தக் கனத்த டெலிவிஷன் இன்னும் சில வீடுகளில் மூலையில் இருக்கிறது. அண்ணனுடைய மடிக்கணினி பீரோவின் மேல் தூசி படிந்து கிடக்கிறது. பரணில் வீடியோ கேம் பெட்டி. மூன்றையும் ஒன்றாக வைத்தால் பட்டறை தயார். மடிக்கணினிக்கு உயிர் இருந்தால் போதும். 40 கிலோபைட் விளையாட்டு செய்யப் புதுக் கம்ப்யூட்டர் வேண்டாம்.

செய்வதற்கான சாதனங்களும் சும்மா கிடைக்கின்றன. ஜப்பானியப் பெட்டிக்கு நிரல் எழுத 'சிசி65' என்ற கருவி இலவசம். பாட்டு அமைக்க 'பேமிட்ராக்கர்' இலவசம். நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. 'கேம் பாய்' என்பது 1989-ல் வந்த கையடக்கப் பெட்டி. அதற்கு விளையாட்டு செய்ய 'ஜிபி ஸ்டூடியோ' என்ற கருவியைக் கிறிஸ் மால்ட்பி என்பவர் 2019-ல் வெளியிட்டார். படத்தை வரைந்து, இடத்தில் வைத்து, யார் என்ன பேசுவது என்று எழுதினால் விளையாட்டு உருவாகும். அதையும் காசு இல்லாமல் எடுத்துக்கொள்ளலாம். செய்ததைச் செல்போனிலும் ஆடிப் பார்க்கலாம். தாத்தாவுக்கும் காட்டலாம்.

ஆடு வென்றது, புலி வென்றது

என்ன விளையாட்டு செய்வது?

சண்டை வேண்டாம், துப்பாக்கி வேண்டாம். நம்மிடமே இருக்கிறதே! ஆடு புலி ஆட்டம். கோயில் கல்தரையில் செதுக்கி வைத்திருக்கிறார்கள், போய்ப் பாருங்கள். மூன்று புலி. பதினைந்து ஆடு. கோடுகள் கூடும் இடங்கள் 23. ஆட்டைத் தாண்டிப் புலி வெட்டும். எல்லா ஆடுகளும் சேர்ந்து புலியை நகரவிடாமல் அடைக்கும்.

இதைப் பெட்டிக்குள் வைக்க எவ்வளவு இடம் வேண்டும்? ஒவ்வோர் இடத்திலும் ஆடா, புலியா, காலியா என்று குறித்தால் போதும். 23 இடத்துக்கு 23 எழுத்து. சிலேட்டில் இருப்பதோ 2048. பலகை முழுவதும் ஒரு மூலையில் அடங்கிவிடும்!

கஷ்டம் ஆட்டத்தில் இல்லை. தமிழில் இருக்கிறது. ஆங்கில எழுத்து 8-க்கு 8 கட்டத்தில் நிற்கும். நமது 'ண'வும் 'ஞ'வும் அதில் நிற்குமா? மூச்சு முட்டும். தமிழ் எழுத்துக்கு 16-க்கு 16 வேண்டும். அதாவது நாலு கட்டம். 247 எழுத்துக்கும் நாலு கட்டம் என்றால் 988 கட்டம் ஆகிறது. பின்னணிக்கு நம்மிடம் இருப்பது 256.

என்ன செய்யலாம்? வேண்டிய எழுத்தை மட்டும் வைக்கலாம். 'ஆடு வென்றது', 'புலி வென்றது' என்று இரண்டு வரி போதும். ஆ, டு, பு, லி, கொம்பு, வ, ன், ற, து. மொத்தம் 9 உரு. 36 கட்டம். பலகையும் கோடும் வரைய 220 கட்டம் மிச்சம்!

இன்னொரு லாபம். விளையாட்டைத் தொடங்க ஒரு வார்த்தை வேண்டுமே? 'ஆடு' என்று போட்டால் ஆயிற்று. அதுவே பிராணி, அதுவே கட்டளை. தமிழே இடத்தை மிச்சப்படுத்திக் கொடுக்கிறது.

நாட்றாம்பாளையம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வேறொரு விளையாட்டும் தோன்றலாம். கேழ்வரகு விளைந்து நிற்கிறது. ராத்திரி யானை வருகிறது. வயலில் பரண் கட்டி அதில் அப்பா காவல் இருக்கிறார். டார்ச் அடிக்க வேண்டும். சத்தம் போட வேண்டும். யானையைத் துன்புறுத்தினால் தோல்வி. யானை காட்டுக்குத் திரும்பினால் வெற்றி. பெரிய பட்டணங்களில் இருப்பவருக்கு இந்த விளையாட்டு தோன்றுமா? அந்தப் பயம் தெரிந்த பிள்ளைக்குத்தான் தோன்றும்.

இங்கும் பெட்டி ஒரு நிபந்தனை போடுகிறது. நகரும் கட்டங்கள் ஒரே வரிசையில் எட்டுக்கு மேல் தெரியாது. யானை நாலு கட்டம் அகலம் என்று வைத்தால், பக்கம் பக்கமாக இரண்டு யானைதான் தெரியும். மூன்றாவது யானை மறைந்து போகும்! யானைகளை மேலும் கீழுமாக நடக்கவிட வேண்டும். காட்டு யானை இந்தக் கணக்கெல்லாம் பார்ப்பதில்லை என்பது வேறு விஷயம்.

கேசட் ஆவது எப்படி?

செய்த விளையாட்டை முதலில் மடிக்கணினியிலேயே சோதிக்கலாம். பழைய பெட்டியைப் போலவே நடிக்கும் நிரல்கள் இருக்கின்றன. தவறு தெரியும். திருத்தலாம். ஆனால் உண்மைப் பெட்டியிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஜப்பான் டெலிவிஷன் நொடிக்கு 60 தடவை படத்தைப் புதுப்பிக்கும். நமது பழைய டெலிவிஷன் 50 தடவை. அங்கே ஓடுகிற ஆடு இங்கே நடக்கும்.

பிறகு 'சிப்'பில் ஏற்ற வேண்டும். 32 கிலோபைட் பிடிக்கும் சிப் ஒன்று; அதில் விதிகள். 8 கிலோபைட் பிடிக்கும் சிப் ஒன்று, அதில் படங்கள். இரண்டும் சேர்ந்து அந்த 40. பழைய மாதிரிச் சிப்பைப் புற ஊதா வெளிச்சத்தில் வைத்தால் எழுதியது அழிந்துவிடும். மறுபடி எழுதலாம். சிப்பைப் பலகையில் பற்றவைத்து, கேசட் கூட்டுக்குள் வைத்து, மேலே லேபிள் ஒட்ட வேண்டும். கூடவே ஒரு சிறு புத்தகமும் அச்சடிக்கிறார்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு, வேண்டிய அளவுக்கு மட்டும் கேசட் செய்து அனுப்புகிறவர்கள் மேல்நாடுகளில் இருக்கிறார்கள். கேசட் வேண்டாதவர்களுக்குக் கம்ப்யூட்டர் கோப்பாக விற்கிறார்கள்.

ஒயர் பற்றவைப்பதும் சிறு பாகம் பூட்டுவதும் ஓசூர்ப் பக்கத்தில் புதிய வித்தை அல்ல.

ஒரு சின்னக் குறிப்பு. கேசட் ஓடவில்லை என்றால் வாயால் ஊதுவோம், ஞாபகம் இருக்கிறதா? ஊதாதீர்கள். எச்சில் ஈரம் பட்டால் உலோக முனை கெட்டுப்போகும் என்று நிண்டெண்டோவே சொல்லியிருக்கிறது.

பெற்றோர் கேட்கும் கேள்விகள்

"இது திருட்டு இல்லையா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 9999 கேசட் செய்தவர்கள் பிறர் விளையாட்டைக் காசு கொடுக்காமல் நகல் எடுத்தார்கள். அது தவறுதான். நாம் சொல்வது வேறு. விளையாட்டு நம்முடையது, பெட்டி மட்டும் அவர்களுடையது. அமெரிக்காவில் சேகா என்ற கம்பெனிக்கும் அக்கொலேட் என்ற கம்பெனிக்கும் இதில் வழக்கு நடந்தது. சேகா பெட்டியில் ஓடும் சொந்த விளையாட்டைச் செய்வதற்காக, வேறு வழியில்லாதபோது, அதன் நிரலைப் பிரித்து ஆராய்வது நியாயமான உபயோகமே என்று 1992-ல் மேல் கோர்ட்டு சொன்னது. மேரியோவின் படத்தை எடுத்துப் போடக்கூடாது. பிறர் பாட்டை எடுத்துப் போடக்கூடாது. ஆடும் புலியும் யாருக்கும் சொந்தம் அல்ல.

"வீடியோ கேம் பிள்ளையைக் கெடுக்காதா?" நாள் முழுவதும் ஆடினால் கெடுக்கும். சந்தேகமே இல்லை. செய்வது அப்படி அல்ல. புலி எந்த ஆட்டைத் தாண்டலாம், எதைத் தாண்டக்கூடாது என்று ஒவ்வொரு விதியையும் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஒரு விதி விட்டுப்போனால் புலி பலகைக்கு வெளியே நடந்து போய்விடும்! கணக்கும் பொறுமையும் இல்லாமல் இது நடக்காது.

"இதில் வருமானம் உண்டா?" பெரும்பாலானவர்களுக்கு இல்லை. பொய் சொல்லி ஆசை காட்ட நாம் தயாராக இல்லை. பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் முடித்த பிள்ளை, தான் தொடங்கிய ஒன்றை முடித்த பிள்ளை. நாளைக்கு எந்தத் தொழிற்சாலைக்குப் போனாலும் யந்திரத்தைப் பார்த்து அது மிரளாது.

உண்மையான தடை ஒன்று இருக்கிறது. இந்தக் கருவிகளைப் பற்றிய விளக்கம் எல்லாம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. மலைக்கிராமத்துப் பிள்ளை அதைப் படித்து முடிப்பதற்குள் ஆசையே போய்விடும்.

ஓசூரிலும் பெங்களூரிலும் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் சின்ன வயதில் இந்தப் பெட்டியில் ஆடியவர்கள். இருபது பக்கத்தில், நல்ல தமிழில், படத்தோடு ஒரு கையேடு எழுதுங்கள். ஆடு புலி ஆட்டத்தைச் செய்வது எப்படி என்பது ஒன்று போதும். அச்சடித்து மலைக்கிராமப் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் அனுப்புங்கள். முடிந்தால் மாதத்தில் ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி நாட்றாம்பாளையம் பக்கம் போய் வாருங்கள். வழியெல்லாம் குளிர்ச்சியாக இருக்கும். பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுங்கள். யானை நடமாடும் பாதை அது.

தலைமை ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. பள்ளியில் இருக்கும் கம்ப்யூட்டர் அறையை, பாடம் முடிந்தபின் வாரத்துக்கு ஒரு மணி நேரம் திறந்து வையுங்கள். பெண் பிள்ளைகளை முதலில் உட்கார வையுங்கள். கோலம் போட்டுப் பழகிய கை அவர்களுடையது.

விளையாட்டின் முதல் திரையில் ஊர்ப் பெயரைப் போட வேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்படுவார்கள். நீளமான பெயராயிற்றே என்று நாமும் கணக்குப் போட்டுப் பார்த்தோம். 'நாட்றாம்பாளையம்' என்று எழுத, காலும் இணைக்கொம்பும் சேர்த்து 12 உரு. ஒன்றுக்கு 16 புள்ளி வீதம் 192 புள்ளி. திரையின் அகலம் 256. ஒரே வரியில் நிற்கிறது. இரண்டு பக்கமும் ஒரு சின்ன ஆடும் ஒரு சின்னப் புலியும் வைக்க இடம் இருக்கிறது.